அடுப்படியும் ஓர் அமானிதம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நாம் வர்த்தகம் செய்கிறவர்கள். மூட்டை கிழிந்து ஒரு படி அரிசி சிந்தினால் கூட்டி அள்ளாமல் விடமாட்டோம். வெங்காயம் முளைவிடத் தொடங்கினால் விலையைக் குறைத்தாவது அன்றே விற்றுவிடுவோம். மாதம் பிறந்தால் இருப்புக் கணக்கு எடுப்போம். ஆனால் அதே அரிசியும் வெங்காயமும் நம் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தபின் கணக்கு நின்றுவிடுகிறது. குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் கீரை அழுகுகிறது. நேற்று மிஞ்சிய சோறு குப்பைத் தொட்டிக்குப் போகிறது. கடையில் நஷ்டம் என்று எழுதுகிற அதே காரியத்தை வீட்டில் நாம் நஷ்டமாக எண்ணுவதில்லை.

ஒரு பொருளின் பயன் முழுவதும் தீருமுன் அதை வீசுவது அமானிதத்தில் குறை வைப்பதாகும். இதுவே இந்தப் பாடத்தின் கருத்து. இதனை மார்க்கத்தின் வழியிலும் சமையலின் வழியிலும் பார்ப்போம்.

1. இஸ்ராஃப், தப்தீர்

திருக்குர்ஆனில் வீண் விரயத்துக்கு இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று இஸ்ராஃப். ஆகுமான காரியத்திலேயே அளவு மீறிப் போவது இது. உண்ணலாம், பருகலாம், ஆனால் அளவு கடக்கலாகாது என்று அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனம் போதிக்கிறது. மற்றொன்று தப்தீர். செல்வத்தைச் சேரவேண்டிய இடத்தில் சேர்க்காமல் இறைத்துப் பாழாக்குவது இது. அப்படிச் செய்பவர்கள் ஷைத்தானின் சகோதரர்கள் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 27-ஆம் வசனம் எச்சரிக்கிறது.

விரயத்துக்கு எதிர்ப்பக்கம் கஞ்சத்தனம் நிற்கிறது. அதுவும் மார்க்கம் விரும்பாததே. அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67-ஆம் வசனம் விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவில் நிற்பவர்களைத்தான் அர்ரஹ்மானின் அடியார்கள் என்று சிறப்பிக்கிறது. ஆகவே நாம் சொல்லும் சிக்கனம் விருந்தாளிக்குக் குறைத்து வைப்பதன்று. பிள்ளைகளைப் பட்டினி போடுவதுமன்று. இருப்பதை முழுதும் பயன்படுத்துவதே சிக்கனம்.

2. மரக்கறிச் சாப்பாடு நமக்குப் புறம்பானதா?

மரக்கறி என்றவுடன் நம்மவரில் சிலர், அது வேறு சமயத்தாரின் விரதமல்லவா என்று கேட்கிறார்கள். அல்லாஹ் ஹலாலாக்கிய இறைச்சியை ஹராமாக்கிக்கொள்ள எவருக்கும் அதிகாரமில்லை. அதனை யாரும் இங்கே சொல்லவில்லை. ஆனால் நாள் தவறாமல் இரண்டு வேளையும் இறைச்சி உண்பது சுன்னத்து என்றும் எங்கும் சொல்லப்படவில்லை.

ஒரு தையற்காரர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணமும் வைத்தார். நாயகம் அவர்கள் தட்டில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித் தேடி உண்டதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்று முதல் தாமும் சுரைக்காயை விரும்பத் தொடங்கியதாக அறிவிக்கிறார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். வீட்டில் காடியைத் தவிர வேறு தொடுகறி இல்லாதபோது காடியையே புகழ்ந்து உண்டதும் முஸ்லிமில் வருகிறது. இறைச்சிக்கு அடிமையாகிவிட வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் எச்சரித்தது இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். கடை அடைத்து இரவு 10 மணிக்கு மேல் பிரியாணியோ முர்தபாக்கோ உண்டு உடனே படுக்கிறோம். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் போதிய அளவு காய்கனி உண்பதில்லை. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. உடம்பும் அமானிதந்தான். கடைக்கு வாரிசு தேடுகிற நாம், அந்த வாரிசு வளரும் வரை இருக்க வேண்டாமா?

3. ஒன்றையும் வீசாத சமையல்

இது நம் தாய்மார்களுக்குப் புதிதல்ல. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது, இந்நாட்டு ஜனங்கள் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் கொண்டே குடும்பங்களைக் காத்தார்கள். அன்று வறுமை கற்றுக்கொடுத்ததை இன்று வசதி மறக்கடித்துவிட்டது. நினைவூட்டச் சில வழிகள்:

தேங்காய்: முதற்பாலை ஆணம் இறக்கும் சமயத்தில் ஊற்ற வேண்டும். இரண்டாம் பாலில் காயை வேகவிடலாம். பிழிந்த சக்கையை வீசாமல் இளந்தீயில் ஈரம் வற்ற வறுத்து, காய்ந்த மிளகாய், உளுத்தம்பருப்பு, புளி, உப்பு சேர்த்து இடித்தால் சோற்றுக்குப் பொடியாகும். நாரைப் பாத்திரம் துலக்கவும், ஓட்டை அடுப்புக்கரிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பீர்க்கங்காய்: தோலைக் கழுவி நறுக்கி எண்ணெயில் வதக்கி, மிளகாயும் புளியும் வைத்து அரைத்தால் நல்ல துவையல். சுரைக்காய் பிஞ்சாக இருந்தால் அதன் தோலையும் இப்படிச் செய்யலாம். காய் ஆணத்துக்கு, தோல் துவையலுக்கு. ஒரு காசில் இரண்டு கறி.

வாழை: காய் வறுவலுக்கு, பூ வடைக்கு, தண்டு கூட்டுக்கு, இலை பந்திக்கு. காய்த்தோலை மெல்லியதாக நறுக்கி மஞ்சள் போட்டு அவித்துப் பயறுடன் தாளிக்கலாம்.

பலா: பிஞ்சுப் பலாவைத் தேங்காய்ப் பாலில் சமைப்பதை மலாய்க்காரச் சகோதரர்களிடம் கற்றுக்கொள்ளலாம். இறைச்சியைப்போல நார்நாராக இருக்கும். பழம் தின்றபின் கொட்டைகளைக் கழுவி உலர்த்தி, மேல்தோல் நீக்கி அவித்து, முருங்கைக்கீரையுடன் பருப்பாணத்தில் போட்டால் பிள்ளைகள் கேட்டு வாங்கி உண்பார்கள்.

தர்ப்பூசணி: நோன்பு காலத்தில் நம் வீடுகளில் மலைபோல் குவிவது இதன் தோல். பச்சைத் தோலைச் சீவிவிட்டு உள்ளே உள்ள வெள்ளைப் பகுதியை நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் பூசணிக்காய் போலவே இருக்கும்.

மரவள்ளி: தோலை உரித்து, நறுக்கி, நிறைய நீரில் நன்றாக வேகவைத்து அந்த நீரை வடித்துவிட வேண்டும். பச்சையாக ஒருபோதும் உண்ணலாகாது. அதில் இயற்கையாகவே நஞ்சு உண்டு.

அரிசி கழுவிய நீர்: இரண்டாம் முறை கழுவிய நீரில் புளி கரைத்துப் புளியாணம் வைப்பது பழைய வழக்கம். மிஞ்சினால் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றலாம்.

ஆணம் போதாதென்று தோன்றினாலும் கவலை வேண்டாம். ஆணம் காய்ச்சும்போது தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னது முஸ்லிமில் வரும் ஹதீஸ். பருப்பாணத்துக்கு இது மிகவும் பொருந்தும்.

4. இறைச்சியில்லா நோன்புக் கஞ்சி

நோன்புக் கஞ்சிக்குக் கொத்துக்கறி கட்டாயம் என்று சிலர் நினைக்கிறார்கள். கறியில்லாமலும் மணமாகக் காய்ச்சலாம். ஆறு பேருக்கு அளவு வருமாறு:

நொய்யரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெந்தயம் 1 தேக்கரண்டி, பெரிய வெங்காயம் 1, தக்காளி 1, கேரட் 1, பச்சை மிளகாய் 2, இஞ்சி பூண்டு அரைத்தது 1 மேசைக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, பண்டான் இலை 1, மல்லி புதினா ஒரு கைப்பிடி, அரைமூடித் தேங்காயின் பால், உப்பு.

அரிசியையும் பருப்பையும் வெந்தயத்தையும் அரைமணி ஊறவைக்க வேண்டும். சிறிது எண்ணெயில் பட்டை, கிராம்பு, பண்டான் இலை போட்டு, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, இஞ்சி பூண்டு, மிளகாய், தக்காளி சேர்த்துப் பச்சை வாடை போகும் வரை கிளற வேண்டும். பிறகு இரண்டரை லிட்டர் நீர் ஊற்றி, கொதித்ததும் ஊறியவற்றையும் கேரட்டையும் போட்டு, அடி பிடிக்காமல் அடிக்கடி துழாவ வேண்டும். முக்கால் மணியில் குழைந்துவிடும். தேங்காய்ப் பாலையும் இலைகளையும் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். முழு அரிசி தேவையில்லை. நம் கடைகளில் ஒதுங்கிக் கிடக்கும் நொய்யரிசியே கஞ்சிக்கு ஏற்றது.

திங்கள், வியாழன் சுன்னத்து நோன்பு வைப்பவர்கள் அந்த இரண்டு நாளும் இந்தக் கஞ்சியையும் ஒரு துவையலையும் கொண்டு நோன்பு திறந்தால், வாரத்தில் இரண்டு நாள் மரக்கறி தானாக அமைந்துவிடும்.

5. சிக்கனம் நிற்க வேண்டிய இடம்

பயன் தீர்ந்ததை விடுவதும் அறிவுதான். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையை வறுத்தாலும் அதிலுள்ள அப்லாடாக்சின் என்னும் நஞ்சு போகாது. உப்பிப்போன டப்பாவைத் திறக்கவே கூடாது. பச்சை நிறம் பாய்ந்து கசக்கும் உருளைக்கிழங்கை உண்ணலாகாது. பலகாரம் சுட்ட எண்ணெயைக் கறுக்கும் வரை திரும்பத் திரும்பக் காய்ச்சுவது உடம்புக்குக் கேடு. அதைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். போத்தலில் சேர்த்துவைத்தால் வாங்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து பயோடீசல் தயாரிக்கிறார்கள். சமைத்த சோற்றை இந்த நாட்டு வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் ஒரே முறை நன்றாகச் சூடாக்கி உண்டுவிட வேண்டும்.

நமக்கு ஆகாததை வாடிக்கைக்காரர் தலையில் கட்டுவதும் சிக்கனமல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் இருந்தது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். வாடிய காயைத் தனிக்கூடையில் வெளிப்படையாக வைத்துக் குறைந்த விலைக்குக் கொடுப்பதே நமக்குரிய வழி.

6. கடைச் சாமான்களின் மறுபயன்

தர்மமாகக் கிடைத்த ஓர் ஆடு இறந்து கிடந்தபோது, அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அதை உண்பதுதான் விலக்கப்பட்டது என்றும் விளக்கினார்கள். மறுபயனுக்கு இதைவிட நல்ல பாடம் எது?

பிஸ்கட் டின்னில் பருப்பு வைக்கலாம். ஊறுகாய்ப் போத்தலைக் கொதிநீரில் கழுவி மசாலாத்தூள் வைக்கலாம். கோணிச்சாக்கை மிதியடியாகத் தைக்கலாம். அட்டைப் பெட்டிகளைக் கட்டி விற்கலாம். ஆனால் சாயம், பூச்சிமருந்து வந்த டின்னில் உணவு வைக்கக் கூடாது. அச்சுமை ஒட்டும் செய்தித்தாளில் பலகாரத்தை நேராகப் பொட்டலம் கட்டக் கூடாது. சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். துணிப்பை கொண்டுவருகிற வாடிக்கைக்காரரை ஒரு நல்ல வார்த்தை சொல்லி நாமும் ஊக்கப்படுத்தலாம்.

7. விருந்திலே விரயம்

வீட்டில் சேர்த்த சிக்கனமெல்லாம் ஒரு கலியாண விருந்தில் கரைந்துபோகிறது. சிங்கப்பூரில் மட்டும் 2022-ஆம் ஆண்டில் 8 இலட்சத்து 13 ஆயிரம் டன் உணவு வீணானதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்கு சொல்கிறது. அதில் நம் பந்திகளின் பங்கும் இருக்கத்தான் செய்யும். நாலு பேர் ஒரு சஹனில் உட்கார்ந்து உண்ணும் நம் பழைய வழக்கத்தில் மிச்சம் குறைவு. முதலில் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைக்கலாம். மிஞ்சியதைக் கெடுமுன்னே பொட்டலம் கட்டிக் கொடுக்க இரண்டு ஆளை முன்கூட்டியே நியமிக்கலாம். கீழே விழுந்த கவளத்தைக்கூடத் தூசு நீக்கி உண்ணச் சொன்ன நபியின் உம்மத்து நாம்.

முடிவாக ஒரு கணக்கு. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 2 வெள்ளி பெறுமான உணவு வீணானால் ஆண்டுக்கு 730 வெள்ளி. ஐம்பது வீட்டில் 36,500 வெள்ளி. ஏழைப் பிள்ளைகளின் மதரஸா பாடப் புத்தகத்துக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் நாம் வீடு வீடாகப் போய்க் கேட்கும் பணம், நம் குப்பைத் தொட்டிகளிலேயே கிடக்கிறது.

ஆகவே சகோதரர்களே, இந்த மாதம் நான்கு காரியம் செய்யுங்கள். வாரம் இரண்டு நாள் மரக்கறி சமைக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் குளிர்ப்பெட்டியில் இருப்புக் கணக்கு எடுத்து, உள்ளதைச் சமைத்தபின் புதிதாக வாங்குங்கள். வீசுவதற்குமுன் இதில் இன்னும் பயன் உண்டா என்று ஒருமுறை கேளுங்கள். மிச்சப்பட்ட வெள்ளியை ஒரு டின்னில் தனியாகப் போட்டு, மாதக் கடைசியில் தர்மத்துக்குக் கொடுங்கள். இதையெல்லாம் வீட்டுப் பெண்கள்மேல் மட்டும் சுமத்திவிடாமல், பசார் சாமான் வாங்கும் நாமும் தேவையறிந்து வாங்க வேண்டும்.

அல்லாஹுத்தஆலா நம் றிஸ்கில் பரக்கத்தையும், நம் வீடுகளில் ஸலாமத்தையும், நடுநிலையாக வாழும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.