பிள்ளைக்குக் கார் பழக்கும் முன்



பதினாறு வயதுப் பிள்ளை கார் சாவியைக் கேட்டால், ரோடு காலியாகத்தானே இருக்கிறது என்று கொடுத்துவிடாதீர்கள். கார் ஓட்ட 18 வயது நிறைய வேண்டும். மீறினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி சாவி கொடுத்தவரே குற்றவாளி: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கோ 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

வயது வந்ததும், பழகுநர் உரிமம் பெற்று, வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ எழுத்து மாட்டி, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் அமர்ந்து பழக்கலாம். முதலில் மைதானத்தில் கிளச்சும் பிரேக்கும். அடுத்து திருக்கழுக்குன்றம் சாலை, அதிகாலையில். மாமல்லபுரத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை கடைசியில்தான். பழக்கும்போது அதட்டாதீர்கள், பயந்த கால் பிரேக்கைத் தேடித் தடுமாறும்.

பூசைக்கு நேரமாகிறதென்று நீங்கள் சிவப்பு விளக்கைத் தாண்டும்போது, பின்சீட்டுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு அதுவே முதற்பாடம்.