பட்டறை சொல்லித் தரும் பாடம்

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்



'அப்ரண்டிஸ்' என்ற சொல்லை நம் திருச்சிப் பக்கத்தில் ரயில்வேயோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். ஐ.டி.ஐ. முடித்த பையனைப் பார்த்தால் "பொன்மலையில அப்ரண்டிஸ் போட்டுப் பாரேன்" என்று சொல்லாத பெரியவர் எங்கள் தெருவில் கிடையாது. அங்கே போனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? சென்ற விடுமுறையில் பதினைந்து நாள் இன்பிளான்ட் டிரெயினிங் போனபோது அப்ரண்டிஸ் அண்ணன்மாரோடு கூடவே சுற்றினேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு முதலில் நாகப்பட்டினத்தில்தான் பணிமனை இருந்தது. பொன்மலைப் பணிமனை 1928-ல் வந்தது. டீசல் என்ஜின், பயணிகள் பெட்டி எல்லாம் பழுது பார்க்கிறார்கள், சரக்கு வேகன் கட்டுகிறார்கள். ஊட்டி மலை ரயிலுக்கு 2011-ல் எண்ணெயில் ஓடும் நீராவி என்ஜினையும், 2021-ல் நிலக்கரியில் ஓடும் நீராவி என்ஜினையும் புதிதாகவே செய்து கொடுத்தார்கள். நீராவி முடிந்துபோன கதை என்று நமக்கு தெர்மல் வகுப்பில் தூக்கம் வருகிறது. ஆனால் அந்த மலை என்ஜினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சக்கரத்தைச் சுழற்றும், மற்ற இரண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும். இதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை!

நான் அதிக நாள் நின்றது வீல் ஷாப்பில். முதல் நாளே ஒரு மூத்த டெக்னீஷியன் எங்களை நிறுத்திக் கேட்டார். "தம்பிகளா, லாரி திரும்புறதுக்கு டிஃபரன்ஷியல் இருக்குன்னு படிச்சிருப்பீங்க. இதுல எங்க இருக்கு?"

பார்த்தால் ஒரே அச்சில் இரண்டு சக்கரமும் இறுக்கமாகப் பொருத்தியிருக்கிறது. இது சுற்றினால் அதுவும் அதே வேகத்தில் சுற்றியாக வேண்டும். வளைவில் வெளித் தண்டவாளம் நீளம் அதிகம், உள் தண்டவாளம் குறைவு. அப்புறம் எப்படித்தான் திரும்புகிறது?

அவர் புத்தகம் எதையும் எடுக்கவில்லை. டீ குடித்த இரண்டு பேப்பர் கப்பை வாயோடு வாய் வைத்து டேப் ஒட்டினார். ஒரு பலகையைச் சற்றுச் சாய்த்து, இரண்டு வெல்டிங் ராடுகளைத் தண்டவாளம் போல வைத்து உருட்டிவிட்டார். கப் கொஞ்சம் ஆடியது, தானாகவே நடுவுக்கு வந்து கடைசிவரை ஓடியது. பிறகு அடியோடு அடி ஒட்டி உருட்டினார். பாதியிலேயே விழுந்துவிட்டது. விஷயம் இவ்வளவுதான். சக்கரம் உருளும் பரப்பு தட்டையாக இல்லை. 20-க்கு 1 என்ற சரிவில் கூம்பாக இருக்கிறது. வளைவில் ஜோடிச் சக்கரம் வெளிப்பக்கம் நகரும்போது வெளிச் சக்கரம் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். டிஃபரன்ஷியல் செய்ய வேண்டியதை அந்தச் சரிவே செய்துவிடுகிறது. ரயிலைத் தண்டவாளத்தில் பிடித்து வைப்பது ஃபிளாஞ்ச் மட்டும்தான் என்றுதான் நாம் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது கடைசிக் காவல். (வீட்டில் செய்து பாருங்கள், டீ செலவு மட்டும்தான்.)

சரிவு தேய்ந்தால் வீல் லேத்தில் கடைந்து பழைய வடிவத்துக்குக் கொண்டு வருகிறார்கள். புதிதாக இருக்கும்போது ஐ.சி.எஃப். பெட்டியின் சக்கர விட்டம் 915 மி.மீ. கடையக் கடையக் குறையும். ஒரு ஜோடியில் ஒன்றை மட்டும் குறைத்தால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும், ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் கடைய வேண்டும். அச்சில் சக்கரம் ஏறும் கதை இன்னும் ருசியானது. சாவியும் கிடையாது, வெல்டிங்கும் கிடையாது. சக்கரத் துளையைவிட அச்சு ஒரு துளி பெரிது, ஹைட்ராலிக் பிரஸ் வைத்து அழுத்தி ஏற்றுகிறார்கள். எத்தனை டன் அழுத்தம் என்று கிராஃப் வரைந்துகொண்டே வரும். அந்தக் கோடு ஒழுங்காக ஏறாவிட்டால் அந்த ஜோடி வெளியே போகாது. நாம் இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் என்று ஐந்து மார்க்குக்கு எழுதியது இதைத்தான். ஏறிய பிறகு இரண்டு சக்கரத்தின் உட்புறங்களுக்கும் இடையே 1600 மி.மீ. இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பல இடங்களில் அளக்கிறார்கள். தண்டவாள அகலம் 1676 மி.மீ. என்பது உங்களுக்குத் தெரியும்.

சக்கரத்துக்குள் மறைந்திருக்கும் அச்சில் விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு அல்ட்ராசோனிக் சோதனை. திரையைப் பார்த்துச் சொல்பவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் 72 பெர்த். அந்தக் கையெழுத்தைப் போடும் நாற்காலிதான் எனக்கு வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆனால் ஆசை வேறு, சட்டம் வேறு. என் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். தினமும் சாயங்காலம் ஒரே கேள்விதான்: "அப்ரண்டிஸ் முடிச்சா உள்ள எடுத்துக்குவாங்கல்ல தம்பி?"

அப்ரண்டிஸ் சட்டம் 1961-ஆம் ஆண்டினுடையது. டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களை 1973 திருத்தம்தான் உள்ளே கொண்டு வந்தது. டிப்ளமோக்காரருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய் என்று 2019-ல் வைத்தார்கள். 18-ஆவது பிரிவின்படி நாம் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. ஆனால் பயிற்சியில் அடிபட்டால் நஷ்டஈடு தரும் பொறுப்பு நிர்வாகத்துக்கு உண்டு. இது பலருக்குத் தெரியாது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முடித்த பின் வேலை? 2014 திருத்தத்துக்குப் பிறகு 22-ஆவது பிரிவு, ஒவ்வொரு நிர்வாகமும் தானே கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்கிறது. ரயில்வேயில் பயிற்சி முடித்த டிரேடு அப்ரண்டிஸ்களுக்கு லெவல் 1 பணிகளில் 20 சதவீதம் ஒதுக்கினார்கள், அவர்களும் தேர்வு எழுதத்தான் வேண்டும். நாம் ஜே.இ. ஆக நேரடியாக நுழைவதற்கு ஆர்.ஆர்.பி. தேர்வுதான். அப்ரண்டிஸ் சர்டிபிகேட் வேலைக்கு டிக்கெட் அல்ல, வெயிட்டிங் லிஸ்ட்கூட அல்ல.

இதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் முதல் மாதமே இதைவிடக் கூடுதலாக வரும் என்பதையும் மறைக்கவில்லை. தங்கை பதினொன்றாவது படிக்கிறாள். அவர் வெகுநேரம் பேசவில்லை. "ஒரு வருஷம்தானே? அந்த மெஷினைப் பாத்து கையெழுத்துப் போடுற வேலைய கத்துக்க. பரீட்சையும் எழுது. ஒரு வருஷம் நான் தூக்குறேன்" என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிப்ளமோ இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு, இடத்துக்கு இடம் மாறும், அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். தென் மண்டலத்துக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நாட்ஸ் தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம், புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கனமான ஷூ போடுங்கள், கிரேன் தூக்கிப் போகும் சுமைக்குக் கீழே நிற்காதீர்கள். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேஜும் எதை அளக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். டீ நேரத்தில் கேட்டால் யாரும் எரிந்து விழுவதில்லை.