விசுவாசமும் வீட்டுக் கணக்கும்



உங்கள் வீட்டு விறாந்தையைக் கடந்து உள்ளே வருகிறவரின் கண்ணில் முதலிற் படுவது எது? நம் மட்டக்களப்புக் கத்தோலிக்க வீடுகளிற் பெரும்பாலும் அது திருஇருதய ஆண்டவரின் படமாகவே இருக்கும். புளியந்தீவிலும் தாண்டவன்வெளியிலும், டச்பாரிலும் சொறிக்கல்முனையிலும், கல்வீடோ தகரக் கொட்டிலோ, அந்தப் படத்துக்கு நடுச்சுவரில் ஓர் இடம் உண்டு. அதன் கீழே ஒரு சிறு விளக்கு. பக்கத்தில் தேவமாதாவின் சுரூபம். ஆணியிலே தொங்கும் செபமாலை. புதுவீடு குடிபுகும் நாளிற் பங்குச் சுவாமியை அழைத்து, வீட்டை மந்திரித்து, படத்தை ஸ்தாபித்து, இவரே இவ்வீட்டின் அரசர் என்று ஒப்புக்கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ!

ஆகவே, ஆண்டவர் நம் வீட்டின் நடுவில் இருக்கிறார் என்பதில் ஐயமில்லை. நாம் இங்கே கேட்க விரும்புவது வேறொன்று. வீட்டுக் காரியங்கள் தீர்மானிக்கப்படும்போது அவர் எங்கே இருக்கிறார்? இறாலை நிறுக்கும்போதும், வெட்டுக்கு வந்தவனுக்குக் கூலி கொடுக்கும்போதும், மகனுக்குச் சீதனம் பேசும்போதும், கைமாற்றுக் கேட்டு வந்த அயலவளுக்கு வட்டி சொல்லும்போதும் அந்தப் படத்தை நாம் திரும்பிப் பார்க்கிறோமா?

நம் வாவிக்கு இரண்டு கரைகள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, சாயும் பக்கம் படுவான்கரை. மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை, அங்கே ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக வேண்டியவர்கள் பாதை வரும்வரை வெயிலிற் காத்து நின்றதை நாம் மறக்கவில்லை. நம்மில் அநேகருடைய வாழ்க்கையும் இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கரை, திங்கட்கிழமை மறு கரை. நடுவே பாலமும் இல்லை, பாதையும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் 1965 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் திகதி வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் 43 ஆம் பகுதியில் இதைப் பற்றியே பேசுகிறது. அறிக்கையிடும் விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையிலான இந்தப் பிளவை, இக்காலத்தின் பாரதூரமான தவறுகளில் ஒன்றாக அது கணிக்கிறது. தவறு என்றவுடன் கோவிலுக்கு வராதவர்களை நாம் நினைத்துக் கொள்கிறோம். திருச்சங்கமோ கோவிலுக்கு வருகிறவர்களையும் சேர்த்தே சொல்கிறது.

செபத்தைக் குறைத்துப் பேசுகிறோம் என்று எண்ண வேண்டாம். மாலையிற் குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும் வழக்கம், தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் வந்தபின் எத்தனை வீடுகளில் நின்றுபோயிற்று என்பது வேதனையான விஷயம். அது மீண்டும் தொடங்கவேண்டும். ஆனால் செபத்தின்போது வந்த ஆண்டவரைச் செபம் முடிந்ததும் வழியனுப்பி விடுகிறோமே, அதைத்தான் இங்கே யோசிக்கிறோம்.

லூக்கா நற்செய்தியின் 19 ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எரிக்கோ பட்டினத்தில் ஆயக்காரர் தலைவன் சக்கேயு. குள்ளமானவன், பணக்காரன், ஊராரின் சாபத்தைச் சம்பாதித்தவன். மரத்தில் ஏறியிருந்த அவனை ஆண்டவர் பெயர் சொல்லி இறக்கி, உன் வீட்டில் இன்று தங்கவேண்டும் என்கிறார். அவர் வந்தபின் அந்த வீட்டில் என்ன நடந்தது? நீண்ட செபம் சொல்லப்பட்டதாக நற்செய்தியாளர் எழுதவில்லை. ஆண்டவர் பிரசங்கம் செய்ததாகவும் இல்லை. எழுந்து நின்ற சக்கேயு வாய் திறந்து பேசியது முழுவதும் கணக்கு! சொத்திற் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திருப்பி. பழைய சட்டப்படி, தானாக முன்வந்து குற்றத்தை ஏற்பவன், எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தாற் போதும் (எண்ணாகமம் 5). சக்கேயு அந்த அளவோடு நிற்கவில்லை. அந்தக் கணக்கைக் கேட்ட பிறகே, இன்று இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று ஆண்டவர் அறிவித்தார். இந்த வரிசையைக் கவனியுங்கள். மீட்பு வந்த செய்தி கணக்குப் புத்தகத்தின் வழியாக வெளியே தெரிந்தது.

இராயப்பரை ஆண்டவர் அழைத்ததும் தொழில் நடந்த இடத்திலேதான். கெனசரேத்து ஏரி 21 கிலோமீற்றர் நீளமும் 13 கிலோமீற்றர் அகலமும் உள்ளது. நீளத்திலே நம் வாவி அதைவிடப் பெரியது, 56 கிலோமீற்றர். அந்தக் கரையில் வலை அலசிக்கொண்டிருந்தவனிடம் ஆண்டவர் முதலிற் கேட்டது அவனுடைய படகை. இரவெல்லாம் வெறும் வலை இழுத்த அலுப்பு நம் தோணிக்காரருக்கு நன்றாய்த் தெரியும். அந்த அலுப்பின் நடுவிலேதான் அவர் படகில் ஏறி உட்கார்ந்தார்.

இனி நம் கணக்குக்கு வருவோம். யுத்தம் ஓய்ந்தபின் நம் கிராமங்களில் நுழைந்த பெரிய துன்பங்களில் ஒன்று கடன். கிழமைக்குக் கிழமை தவணை கேட்கும் நுண்கடன் கொம்பனிகள் வாசலுக்கே வந்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க அடகு வைத்த தோடு. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டவுடன் அடுத்த வீட்டு அடுப்படியில் ஒளிந்துகொண்ட தாய்மார் உண்டு. தவணை கட்டமுடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரவேண்டியதாயிற்று.

கொம்பனிகளைக் குறை சொல்வது சுலபம். நம்முள்ளேயே மீற்றர் வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் இல்லையா? மாதம் நூற்றுக்குப் பத்து வாங்கி, அந்தக் காசிலே திருநாளுக்கு மெழுகுதிரிக் கட்டுக் கொடுக்கிறவர்கள் இல்லையா? நெகேமியா ஆகமத்தின் 5 ஆம் அதிகாரம் இன்று நம் ஊருக்கு எழுதியது போலிருக்கிறது. பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் வீட்டையும் ஈடு வைத்த ஏழைகள், பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொடுக்கும் நிலைக்கு வந்து கதறுகிறார்கள். நெகேமியா பெரியவர்களைக் கூட்டி, வயலையும் வட்டியையும் இன்றே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். அதைச் சொல்லும்போது, நானும் என் சகோதரரும் கடன் கொடுத்தவர்களே என்று தம்மையும் அந்தக் கூட்டத்தில் வைத்துக்கொள்கிறார். பிறரை மட்டும் கடிந்திருந்தால் அவர் பேச்சை எத்தனைபேர் கேட்டிருப்பார்கள்?

கடன் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். பிள்ளையின் முதல் நன்மைக்குப் பந்தலும் வீடியோவும் கேக்கும் கடன்பட்டுச் செய்கிறோம். நற்கருணை நாதர் ஒரு சிறிய அப்பத்தில் வருகிறார். அவரை வரவேற்க நாம் இரண்டு வருடத் தவணை கட்டுகிறோம்! சீதனமும் அவ்வாறே. நம் பகுதியிற் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பழைய வழக்கம். பெண்ணுக்குப் பாதுகாப்பாக ஏற்பட்ட அந்த வழக்கம், இன்று வீட்டோடு நகையும் ரொக்கமும் வாகனமும் கேட்கும் பேரமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரும் திருஇருதயப் படத்தின் கீழே உட்கார்ந்துதான் அந்தப் பேரத்தைப் பேசுகிறார்கள்.

காசு மட்டுமல்ல, நாவும் கணக்குக்கு உட்பட்டதே. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்ப்புத் திருநாளன்று, நம் நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுபிள்ளைகளும் மடிந்தார்கள். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் நம் கோவில்கள் இரத்தத்தில் நனைந்தன. அந்த வேதனை இன்னும் ஆறவில்லை. ஆனால் அதன்பின் முஸ்லிம் கடையில் ஒன்றும் வாங்காதே என்று நம் அடுப்படிகளிற் பேசப்பட்டதையும் நாம் மறைக்கக்கூடாது. குண்டு வைத்தவன் வேறு, காத்தான்குடியில் துணி விற்றுக் குடும்பம் காக்கிறவன் வேறு. சமாரியர் என்றால் விலகி நின்ற யூதகுலத்திற் பிறந்த நம் ஆண்டவர், கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அவர் கேட்டது அன்றாடம் எவரும் கேட்கும் ஒரு சாதாரண உதவி.

இப்படி வாழமுடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் மண்ணிலேயே ஒருவரைக் காட்டலாம். இயேசு சபைக் குருவான யூஜின் ஹேபர்ட் அடிகளார், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தவர், 1948 இல் இந்நாட்டுக்கு வந்தவர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் நாற்பது வருடங்களுக்கு மேல் பணி செய்தார். அவரை நினைக்கும் பழைய மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிரசங்கத்தை விட, புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துத் திடலையே முதலிற் சொல்வார்கள். பிற்காலத்தில் வேலையற்ற இளைஞருக்குத் தொழில் பழக்கும் நிலையத்தை நடத்தினார். பந்தும் தொழிற்கருவியும் அவருக்கு விசுவாசத்துக்குப் புறம்பான பொருள்களாயிருக்கவில்லை.

1990 ஆகஸ்ட் மாதம் நம் மாவட்டத்துக்கு வந்த இருண்ட மாதம். 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் உறக்கத்தில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். தமிழ்க் கிராமங்களிலும் சாவு புகுந்தது. எவரும் வீதியில் இறங்க அஞ்சிய அந்நாட்களில், 15 ஆம் திகதி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தமது ஸ்கூட்டரில் புறப்பட்டார். கூட ஓர் இளைஞரும் இருந்தார். ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வழி. இருவரும் வந்து சேரவில்லை. இன்றுவரை அவர்களின் உடல்களும் கிடைக்கவில்லை. வேதசாட்சியின் பாதை என்றால் நாம் சிங்கக் குகையையும் வாளையும் நினைக்கிறோம். அடிகளார் போனது நாமெல்லாம் பஸ்ஸிற் போய்வரும் அதே கொழும்பு வீதி.

நம்மிடம் அவ்வளவு கேட்கப்படாதிருக்கலாம். இக்கிழமை கேட்கப்படுவது சிறியது. ஓர் இரவு, செபமாலை முடிந்து எழும்புமுன், வீட்டுக் கணக்குக் கொப்பியை எடுத்துத் திருஇருதயப் படத்தின் கீழே, விளக்கின் அருகில் விரித்து வையுங்கள். தகப்பனும் தாயும் பிள்ளைகளும் சுற்றி அமர்ந்து, யாருக்கு நாம் கொடுக்கவேண்டும், யார் நமக்குத் தரவேண்டும், யாருடைய கூலி பாக்கி நிற்கிறது என்று சத்தமாய் வாசியுங்கள். கணவனுக்குத் தெரியாத கடனும் மனைவிக்குத் தெரியாத கடனும் அன்றைக்கு வெளியே வரலாம். கோபப்படாமல் கேட்க அந்த இடமே உதவும். பிறகு நமக்குத் தரவேண்டியவர்களில் முதற் பெயரை எடுத்து, அதற்கு நேரே உள்ள தொகையில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும்படி பிள்ளைகளிடமே விடுங்கள். கூட்டல் கழித்தலில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.