மலையில வேற கணக்கு

ரிஷிவந்தியம் பக்கம் சமவெளியில 15 கி.மீ. நடக்க 3 மணி நேரம் போதும். மேற்கே கல்வராயன் மலையிலயும் அதே கணக்குதான்னு மதியம் 2 மணிக்குக் கிளம்பினா, நடுவழியில இருட்டிடும்.

1892-ல ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி: 5 கி.மீ.க்கு 1 மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலா 1 மணி நேரம்.

உதாரணம்: 15 கி.மீ., 600 மீட்டர் ஏற்றம்.
3 + 1 = 4 மணி நேரம்.

இதுல ஓய்வு, சாப்பாடு, முதுகுச் சுமை சேரலை. அதனால ஒன்றரை மடங்கு வெச்சுக்கோங்க: 6 மணி நேரம். சாயங்காலம் 5 மணிக்கு டென்ட் போடணும்னா, 11 மணிக்குள்ள கிளம்பியாகணும்.

ரெண்டாம் நாள் கால் வலிக்கும். தூரத்தைக் குறைச்சே பிளான் பண்ணுங்க.

வனத்துறை அனுமதி இல்லாத பாதை வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில ட்ரெக்கிங் போனவங்க உயிரிழந்தாங்க. நாம எங்க இருக்கோம்னு கீழே யாருக்காவது தெரிஞ்சிருக்கணும்.