எத்தியோப்பியாவுக்குக் கிளம்பும் முன்

தன்னார்வச் செவிலியராக எத்தியோப்பியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தேன் என்றதும் பல்லாவரத்தில் எங்கள் தெருக்காரர்கள் முதலில் கேட்டது, "அதுக்கு எவ்வளவு கட்டினீங்க சிஸ்டர்?" என்பதுதான். ஒரு பைசாகூடக் கட்டவில்லை. கட்டச் சொல்கிற இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

1958-ல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. தன்னார்வ அமைப்பு, 1970-ல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டம் போன்றவை அனுபவமுள்ள ஆட்களைத் தேடி எடுப்பவை. சம்பளம் கிடையாது. பயணச் செலவு, காப்பீடு, போகிற ஊரில் சிக்கனமாக வாழப் போதுமான மாதப்படி எல்லாம் உண்டு. இதற்கு நேர் எதிராக, பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் ஆதரவற்றோர் இல்லத்தில் 'சேவை' செய்ய அழைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் அப்பா அம்மா உள்ள பிள்ளைகளையே இல்லங்களில் சேர்த்து, வெளிநாட்டவரிடம் காசு பார்த்தது அம்பலமானது. 2018-ல் ஆஸ்திரேலியா இதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகவே ஏற்றுக்கொண்டது. நல்ல மனதோடு போகிறவர்களின் பணம்தான் அந்தத் தொழிலை வாழவைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

காகித வேலையை நம் பகுதியிலேயே பெரும்பாலும் முடிக்கலாம். போலீஸ் சரிபார்ப்புச் சான்றுக்குத் தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவே போதும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அந்தச் சான்றைத் திரும்பி வரும்வரை பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். அது இல்லாமல் அங்கிருந்து வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். வீடு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் விட மாட்டார்கள். செவிலியர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது நர்சிங் கவுன்சில் சான்றிதழ்கள். நாள் பிடிக்கிற வேலை அதுதான்.

வங்கி, வருமான வரி, ஆதார் எல்லாம் இன்று ஓடிபியில் நடக்கின்றன. இந்திய சிம் கார்டை உயிரோடு வைத்திருங்கள், ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். வீட்டு வரி, வாடகை, சொத்து சம்பந்தமான கையெழுத்துக்கு நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. அங்கிருந்து எழுதுவதென்றால் இந்தியத் தூதரகம் இருக்கும் அடிஸ் அபாபாவுக்கே போக வேண்டியிருக்கும். அம்மாவின் மாத்திரைப் பட்டியலையும் டாக்டர் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினேன். அண்ணி, "நான் பார்த்துக்கறேன், நீ நிம்மதியா போயிட்டு வா" என்று சொன்னதால்தான் நான் விமானம் ஏறினேன். வீட்டில் அப்படிச் சொல்ல ஒருவர் இல்லையென்றால் அந்த வருடம் போகாமல் இருப்பதே சரி.

அடிஸ் அபாபா ஊட்டியைவிட உயரமான ஊர். ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை நினைத்துப் பருத்தித் துணியாக அடுக்குவார்கள். ஸ்வெட்டரும் குடையும் வேண்டும், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைதான். அந்த உயரத்தில் அரிசி வேக அதிக நேரம் பிடிக்கும். சின்ன குக்கரும் உபரி கேஸ்கட்டும் பெட்டியில் இருக்கட்டும். சைவர்கள் பயப்பட வேண்டாம். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி விரதத்தில் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடுவதில்லை. டெஃப் தானியத்தை அரைத்துப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்செராவும் பருப்பு, காய்கறிக் கூட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மெத்தக் கவனம் வேண்டியது நேரமும் தேதியும். அவர்கள் மணியைக் காலை ஆறிலிருந்து எண்ணுகிறார்கள். "மூணு மணிக்கு வாங்க" என்றால் நம் கணக்கில் காலை ஒன்பது. வருடத்துக்குப் பதிமூன்று மாதம், பன்னிரண்டு மாதங்களுக்குத் தலா முப்பது நாள், கடைசி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ நாள். ஆண்டு நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால். பச்சிளங்குழந்தைப் பிரிவில் இது உயிர்ப் பிரச்சினை: தாய் சொல்லும் கடைசி மாதவிலக்குத் தேதியை மாற்றிக் கணக்கிட்டால்தான் குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்று தெரியும். மருந்து நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பதால் யாரும் குறைவாக நினைப்பதில்லை.

இனி வேலை. நான் இருந்த மருத்துவமனையில் குழந்தைகளுக்கு வார்மர் போதாது, கரண்டும் போகும். அங்கே கைகொடுத்தது கங்காரு முறை, அதாவது எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டிவைப்பது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்த வழி இது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே இதைத் தொடங்கியபோது முதல் 28 நாளில் நேரும் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது.

முறையைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். நிலைக்க வைப்பதுதான் கஷ்டம். நன்றாகக் கற்றுக்கொண்ட செவிலியரைச் சுழற்சி முறையில் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்; புதிதாக வருபவருக்கு எதுவும் தெரியாது. வந்த வேகத்தில் எல்லாக் குழந்தையையும் நாமே தூக்கிப் பார்க்கலாம், நம் திருப்திக்கு. நாம் விமானம் ஏறிய மறுநாள் வார்டு பழையபடி ஆகிவிடும். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்னோடு சேர்ந்து வேலை செய்யப்போகும் உள்ளூர்ச் செவிலியர் யார்? அவரை எவ்வளவு காலம் மாற்றாமல் வைப்பீர்கள்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தைவிட, பதில் வைத்திருக்கும் சின்ன மருத்துவமனை மேல். ஒரு வருடத்துக்குக் குறைவான பணியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் சில மாதம் பேச்சு வழக்கும் ஆட்களும் பிடிபடவே போய்விடும்.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பல வருடம் நின்ற சிஸ்டர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் அனுபவம் அங்கே உடனடியாகத் தேவைப்படுகிறது. ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள்.