தீயும் பல்லும் - தடயவியல் நோக்கு

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் முன்னோர் மொழி. சொல்லும் முகமும் தீயில் அழிந்த பின்னரும் பல் சான்று பகரும் என்பது தடயவியல் காட்டும் உண்மை. கடும் வெப்பம் பல் அடைப்புகளை எவ்வாறு மாற்றுகிறது என்பதையும், அவற்றால் இறந்தோரை இனங்காணும் முறையையும் இங்குக் காண்போம்.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தார்க்கு இப்பொருள் அயலானதன்று. 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். தொழிலாளரோடு, விபத்தைக் கண்டு அங்கு விரைந்த ஊராரும் அவர்களுள் அடங்குவர். வருகைப் பதிவேட்டைக் கொண்டு மட்டும் இத்தகையோரை இனங்காண இயலாது.

1897-இல் பாரிசு நகர அறச்சந்தை ஒன்றில் தீப்பற்றியபோது, கருகிய உடல்கள் பல, பல் மருத்துவரின் குறிப்புகளால் இனங்காணப்பட்டன. இதனை ஆராய்ந்து ஆஸ்கார் அமோயேடோ என்னும் பல் மருத்துவர் 1898-இல் நூலொன்று வெளியிட்டார்.

பல்லின் மேலுறையாகிய எனாமலில் எடையளவில் சுமார் 96 விழுக்காடு கனிமமே. எனவே அது தீயை நெடிது தாங்குகிறது. கடைவாய்ப் பற்களைக் கன்னமும் நாவும் காக்கின்றன. முன்பற்களே முதலில் கருகுகின்றன.

அடைப்புகளின் இயல்போ வேறுவேறு. வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த இரசக்கலவையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். அதன் கொதிநிலை 357 பாகை செல்சியசு. வெப்பம் மிகும்போது பாதரசம் ஆவியாக வெளியேறுவதால் அடைப்பில் கொப்புளங்களும் துளைகளும் தோன்றுகின்றன. பல்நிறப் பிசின் அடைப்பில் பிசின் எரிந்துவிட, கண்ணாடித் துகள் எஞ்சுகிறது. தூய பொன் 1064 பாகையில் உருகும். பீங்கான் உறைகள் கடும் வெப்பத்தையும் பெரிதும் தாங்குகின்றன. அடைப்பு உதிர்ந்தாலும், மருத்துவர் குடைந்த குழியின் வடிவம் பல்லில் எஞ்சக்கூடும், அதுவும் சான்றே. ஆயின் வெந்த பல் தொட்டாலே நொறுங்கும். ஆதலின் உடலை அகற்றுமுன் பற்களைப் படம்பிடித்து, பசையிட்டு உறுதிப்படுத்தல் வேண்டும்.

இத்துணைச் சான்றும் பயன்பட ஒன்று இன்றியமையாதது: உயிரோடிருந்தபோது எழுதப்பட்ட பல் குறிப்பு. ஒப்பிடக் குறிப்பு இல்லையேல், தீக்குத் தப்பிய பல்லும் ஊமையே. உடல் யாருடையதெனத் தெளியாதவரை, இறுதிக் கடன் ஆற்றவும் இழப்பீடு பெறவும் வழியின்றிக் குடும்பங்கள் தவிக்க நேரிடும்.

தொகுத்துரைப்பின், பல் மருத்துவ முகாம் நடத்துவோர் எந்தப் பல், எப்பக்கம், எவ்வடைப்பு என்பதை எழுதி, ஒரு படியைத் தொழிலாளியின் வீட்டிற்கும் அளித்தல் வேண்டும். சிற்றூர்களுக்குத் தொண்டாற்றச் செல்லும் மாணவர் இதனை எடுத்துரைப்பாராக. ஒரு தாள் குறிப்பு, ஒருவர்க்கு அவர்தம் பெயரை மீட்டுத் தரும்.