கண்ணுக்குப் புலப்படாத பயிர்

வெறுஞ் சோற்றை வாயிலிட்டுச் சற்று நேரம் மென்றால் அது இனிக்கத் தொடங்குவதை அறிவீர்கள். முளைகட்டிய கேழ்வரகின் மாவும் இனிக்கும். சர்க்கரை சேர்க்காமலே இவ்வினிமை எவ்வாறு வந்தது? உமிழ்நீரிலும் முளையிலும் உள்ள ஒரு பொருள் தானியத்தின் மாச்சத்தைச் சிதைத்துச் சர்க்கரையாக மாற்றுகின்றது. இத்தகைய பொருள்களுக்கு நொதிகள் என்று பெயர். இவை உயிருள்ளவற்றில் உண்டாவன. சிறிதளவே இருந்தும் பெரும் வேலையைச் செய்வன. வேலை செய்வதனால் தாம் செலவாகாதவை. இவற்றைக் கொண்டு ஜப்பானியர் ஒரு பெருந்தொழிலை நிலைநாட்டிய வரலாற்றை ஈண்டு விளக்குவோம்.

பூசணத்தின் வித்து

ஜப்பானியர் அவித்த அரிசியின்மேல் ஒருவகைப் பூசணத்தின் வித்தைத் தூவி, வெதுவெதுப்பான அறையில் ஏறக்குறைய இரண்டு நாள் வைப்பர். அரிசியெங்கும் வெண்ணிற இழை படரும். இதற்குக் 'கோஜி' என்று பெயர். சோயா மொச்சையிலிருந்து சாறும் விழுதும் செய்வதற்கும், அரிசியிலிருந்து மது வடிப்பதற்கும் இதுவே மூலம். இவ்வித்தை மட்டும் வளர்த்து விற்கும் குடும்பங்கள் அங்கே பல நூற்றாண்டுகளாக உண்டு. அவர்கள் அவித்த அரிசியுடன் மரச்சாம்பலைக் கலப்பர். சாம்பலின் காரத்தால் வேண்டாத கிருமிகள் ஒடுங்கும். கோஜிப் பூசணமோ செழித்து வித்து விடும். குடியானவர் விதைநெல்லைக் காப்பதுபோல, அவர்கள் கண்ணுக்குப் புலப்படாத பயிரின் விதையைக் காத்தனர்.

தகாமினேயின் முயற்சி

1854-ம் வருஷம் பிறந்த ஜோகிச்சி தகாமினே என்பவரின் தாய் மது வடிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். தகாமினே டோக்கியோவில் ரசாயனம் பயின்று, கிளாஸ்கோ நகரில் மேற்படிப்பும் படித்தார். 1890-ல் அமெரிக்கா சென்றார். அங்கே சாராயம் வடிப்போர் மாச்சத்தைச் சர்க்கரையாக்க முளைகட்டிய வாற்கோதுமையை உபயோகித்து வந்தனர். அதற்குப் பல நாள் பிடிக்கும். நல்ல தானியமும் செலவாகும். தகாமினே மலிவான கோதுமைத் தவிட்டின்மேல் கோஜிப் பூசணத்தை வளர்த்து, அவ்வேலையை அதனிடம் ஒப்புவித்தார்.

தம் பிழைப்புக் கெடுமென்று அஞ்சிய முளைத்தானிய வியாபாரிகள் எதிர்த்தனர். 1891-ல் பியோரியா நகரில் அவர் வேலை நடத்திய சாலை தீக்கிரையாயிற்று. சாராயத் தொழிலில் அம்முறை நிலைபெறவில்லை. ஆயினும் அவர் மனந்தளராமல், தவிட்டில் விளைந்த நொதியை நீரில் இறக்கி, ஆல்கஹால் சேர்த்துப் படியவைத்து, உலர்ந்த தூளாக எடுத்தார். 1894-ல் அம்முறைக்கு அமெரிக்காவில் பேட்டண்ட் உரிமை கிடைத்தது. நுண்ணுயிரிலிருந்து பெறும் நொதிக்கு அந்நாடு அளித்த முதல் உரிமை அதுவே. 'டாக்கா டயாஸ்டேஸ்' என்னும் பெயரால் அத்தூள் ஜீரண மருந்தாகப் பரவிற்று. அதனை ஜப்பானில் விற்பதற்கென்று 1899-ல் தோன்றிய சங்க்யோ கம்பெனி பின்னர்ப் பெரிய மருந்துத் தொழிற்சாலையாக வளர்ந்தது.

பின் வந்த வளர்ச்சி

1908-ல் கிகுனே இக்கேடா கடற்பாசியின் சுவைக்குக் காரணம் குளூட்டமிக் அமிலம் என்று கண்டார். முதலில் கோதுமைப் பசையை அமிலத்தில் காய்ச்சி அதனை எடுத்தனர். 1956-ல் கியோவா கம்பெனியில் ஷுக்குவோ கினோஷிட்டாவும் அவர் துணைவரும், சர்க்கரையை உண்டு அதே பொருளை வெளியிடும் கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தனர். 1969-ல் தனாபே கம்பெனியில் இச்சிரோ சிபாட்டாவின் குழுவினர், நொதியைக் கரையாத சிறு மணிகளில் பிணைத்துக் குழாயில் நிரப்பினர். முன்பு ஒருமுறை உபயோகித்தபின் வீணான நொதி, இப்பொழுது மீண்டும் மீண்டும் உழைத்தது. தொழிற்சாலையில் இம்முறை கையாளப்பட்டது உலகில் அதுவே முதன்முறை.

ஓர் எச்சரிக்கை

இவற்றைப் படித்துவிட்டு எல்லாப் பூசணமும் நன்மையே என்று எண்ணலாகாது. கோஜிப் பூசணத்திற்கு மிக நெருங்கிய உறவுடைய மற்றொன்று, ஈரம் உலராமல் சேமித்த நிலக்கடலையிலும் சோளத்திலும் வளர்ந்து, அப்ளடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும். வேகவைப்பதனாலும் வறுப்பதனாலும் முற்றும் நீங்காது. கோஜிப் பூசணம் அந்நஞ்சை உண்டாக்குவதில்லை. பார்வைக்கு உறவினர் போன்ற இரண்டில் ஒன்று உணவு, மற்றொன்று விஷம். தூய வித்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களின் அருமை இதனால் விளங்கும். ஆதலால் கடலையை நன்கு உலர்த்திய பின்னரே மூட்டை கட்டுக. பூசணம் பிடித்ததை மனிதருக்கும் மாட்டுக்கும் கொடாது நீக்குக.

முடிவுரை

கோஜி செய்வோரின் கைப்பழக்கமே தகாமினேயின் ஆராய்ச்சிக்கு முதலாயிற்று. ஆராய்ச்சி சேராதிருந்தால் அது குடும்பத் தொழிலாகவே நின்றிருக்கும். கைப்பழக்கம் இல்லாதிருந்தால் ஆராய்வதற்குப் பொருளே இருந்திராது. கழிவென்று தள்ளிய தவிடும் அறிவு சேர்ந்தவுடன் விளைநிலமாயிற்று.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் பரம்பரையாகச் செய்துவரும் எந்த வேலையின் காரணத்தை நாம் இன்னும் கேட்டறியவில்லை?
2. தவிடு, பிண்ணாக்கு முதலியவற்றுள் எவை இப்பொழுது வீணாகின்றன?
3. விளைபொருளை ஈரமின்றிச் சேமிக்கச் சங்கம் செய்யத்தக்க ஏற்பாடு யாது?